கொசுவின் வோல்பாக்கியா

டெங்கு ஒழிப்பு பற்றிய செய்திகளில் சில ஆண்டுகளாக ஒரு பாக்டீரியாவின் பெயர் அடிபடுகிறது: வோல்பாக்கியா. முழுப்பெயர் வோல்பாக்கியா பிபியென்டிஸ். பூச்சியின் செல்லுக்குள் குடியிருந்து, தாயின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும் உயிர் இது. பூச்சியினங்களில் 40 விழுக்காட்டில் இது உண்டு என்று ஒரு மதிப்பீடும், 60 விழுக்காட்டுக்கும் மேல் என்று இன்னொன்றும் சொல்கின்றன. இவ்வளவு பரந்த உயிரின் பெயருக்குள் இருப்பவர்கள் இருவர்தாம்: ஒரு மருத்துவரும் ஒரு கொசுவும்.

மருத்துவர் சிமியன் பர்ட் வோல்பாக். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1880இல் பிறந்து, ஹார்வர்டில் நோயியல் பேராசிரியராக இருந்தவர். குடும்பப்பெயர் ஜெர்மன் மொழிக்குரியது. அதன் ஈற்றிலுள்ள ‘பாக்’ என்பதற்கு அம்மொழியில் ஓடை என்று பொருள். உண்ணி கடித்து வரும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலை ஆராய்ந்தவர் அவர். முதல் உலகப்போர் முடிந்தபின் பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போலந்துக்கும் போனார்.

அக்காய்ச்சல்களின் கிருமிகளுக்கு ரிக்கெட்சியா என்று பெயர். அதுவும் ஓர் ஆளின் பெயரே. ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் 1910இல் மெக்சிகோ நகரில் டைஃபஸை ஆராயும்போதே அந்நோய்க்குப் பலியானார். ஸ்டானிஸ்லாஸ் ஃபான் புரோவாசெக் 1915இல் அதே ஆய்வில், அதே நோயால் இறந்தார். புரோவாசெக்கோடு உழைத்த பிரேசில் நாட்டவர் ஹென்ரிக் ட ரோஷா லிமா 1916இல் டைஃபஸ் கிருமிக்கு ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று பெயரிட்டார். இறந்த இருவரின் பெயர்களும் அவர்களைக் கொன்ற கிருமியில் சேர்ந்து நிற்கின்றன. செல்லுக்குள் வாழும் நுண்கிருமிகளுக்கு அறிஞர் பெயரைச் சூட்டும் வழக்கம் இது. வோல்பாக்கியா பிறந்ததும் இந்த மரபில்தான்.

பூச்சிகளில் ரிக்கெட்சியா போன்றவை வேறு என்னென்ன உண்டு என்று தேடிய வோல்பாக்கும், அவரோடு பணியாற்றிய பூச்சியியலாளர் மார்ஷல் ஹெர்டிக்கும், க்யூலெக்ஸ் பிபியென்ஸ் என்னும் வீட்டுக்கொசுவின் சினைப்பையில் நுண்ணிய உயிர்களைக் கண்டு 1924இல் எழுதினார்கள். அப்போது பெயரில்லை. ஹெர்டிக் அதை மேலும் ஆராய்ந்து, 1936இல் விரிவாக விவரித்து, தனிப் பேரினமாக்கி, வோல்பாக்கின் பெயரை வைத்தார். விவரித்தவரின் பெயர் அறிவியல் பெயரில் இல்லை.

இனி அந்தப் பெயரின் இலக்கணம். லத்தீன் முறைப்படி ஆளின் பெயரிலிருந்து பாக்டீரியப் பேரினப்பெயர் ஆக்கும்போது ‘இயா’ போன்ற பெண்பால் விகுதி சேரும். அந்த ஆள் ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை. பிபியென்ஸ் என்றால் ‘கீச்சிடுவது’. 1758இல் லின்னேயஸ் கொசுவுக்கு வைத்த பெயர். பிபியென்டிஸ் அதன் ஆறாம் வேற்றுமை வடிவம். ஆக, முழுப்பெயரின் பொருள் ‘கீச்சிடும் கொசுவின் வோல்பாக்கியா’.

விகுதி ஒரு மரபுதான். ஆயினும் இந்த உயிருக்குப் பெண்பால் பெயர் மிகவும் பொருந்திவிட்டது. முதிர்ந்த விந்தணுவில் வோல்பாக்கியா இருப்பதில்லை, முட்டையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போக அதற்குத் தாயே வழி. எனவே பெண் பூச்சிகள் பெருகுவதே அதற்கு ஆதாயம். அது செய்யும் வேலைகள் பலவும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே அமைகின்றன.

வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காமல் அழியும். அதே வகை வோல்பாக்கியா உள்ள பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. இதற்கு ஒவ்வாமைக் கலப்பு என்று பெயர் சொல்லலாம். டிரைக்கோகிரம்மா குளவிகள் சிலவற்றில் ஆண் துணையின்றியே மகள்கள் பிறக்கச் செய்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் ஆண் குளவிகள் திரும்ப வருவதை 1990இல் காட்டினார்கள். ஹைப்போலிம்னாஸ் போலினா என்னும் பட்டாம்பூச்சி தமிழகத் தோட்டங்களிலும் பறப்பதுதான். சமோவாத் தீவுகளில் அதன் ஆண் கருக்களை வோல்பாக்கியா கொன்றதால், 2001இல் நூற்றுக்கு ஒன்றாக இருந்த ஆண்கள், எதிர்ப்பு மரபணு பரவியதும் 2006க்குள் நூற்றுக்கு நாற்பதை நெருங்கினார்கள். மூட்டைப்பூச்சியிலோ அது உதவியாளன். ரத்தத்தில் போதாத பி வைட்டமின்களைத் தருகிறது. அதை நீக்கினால் மூட்டைப்பூச்சியின் வளர்ச்சியும் முட்டையிடுதலும் குன்றும்.

1936இல் பெயர் வைத்தபோது இவற்றில் ஒன்றும் தெரியாது. கொசுவுக்கு வெளிப்படையான நோய் எதையும் தராத கிருமியாகவே அது பதிவாயிற்று. நோய் தராததால் நெடுங்காலம் கவனிப்பாரும் குறைவு. ஜெர்மானியர் ஹான்ஸ் லாவன், ரங்கூனுக்கு அருகிலுள்ள ஓக்போ கிராமத்தில் ஒவ்வாத ஆண் கொசுக்களை விட்டு, யானைக்கால் நோய் பரப்பும் கொசுவின் முட்டைகளைப் பொரிக்கவிடாமல் செய்து 1967இல் அறிவித்தார். அந்த ஒவ்வாமை செல்லின் குழைமத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கே அதைச் செய்வது யார் என்பது தெரியாது. 1971இல் கலிபோர்னியாவில் யென், பார் இருவரும் காரணம் வோல்பாக்கியா என்று எழுதினார்கள். பெயருக்குச் செயல் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின.

பிறகு பெயர் விரிந்தது, சுருங்கவும் செய்தது. உண்ணியில் கண்ட ஒன்றை 1961இல் வோல்பாக்கியா பெர்சிகா என்றார்கள். மரபணு ஒப்பீட்டில் அது பிரான்சிசெல்லா என்னும் வேறு பேரினத்தது என்று தெரிந்து விலகிற்று. மறுபக்கம், யானைக்கால் புழுவிலும் வோல்பாக்கியா வாழ்கிறது. டாக்சிசைக்ளின் மருந்தால் அதை அழித்தால் புழு மலடாகிறது. கொசுவுக்குள்ளும் வோல்பாக்கியா, அது சுமக்கும் புழுவுக்குள்ளும் வேறொரு வோல்பாக்கியா. புழுவில் உள்ளதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்ற வாதம் எழுந்தும், எல்லாரும் ஏற்ற இரண்டாம் பெயர் இன்னும் இல்லை. அதனால் புழுவில் வாழ்வதும் மூட்டைப்பூச்சியில் வாழ்வதும் ‘கொசுவின்’ என்ற வேற்றுமையையே தாங்கி நிற்கின்றன.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் வோல்பாக்கியா இயல்பாக இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்துச் செலுத்தினால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைபடும் என்று 2009இல் தெரிந்தது. 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் அத்தகைய கொசுக்களை விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனை டெங்கு நோய் 77 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. 2020இல் கொழும்புப் பகுதியிலும் விட்டார்கள். புதுச்சேரியின் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022இல் இத்தகைய கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது.

இதனால்தான் இந்தப் பெயர் தமிழுக்கு வந்திருக்கிறது. வந்த இடத்தில் ‘வோல்பாச்சியா’ என்று அச்சாவதைப் பார்க்கிறோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியதால் வந்த சகரம் அது. ஜெர்மன் ‘பாக்’கில் சகரம் இல்லை. வோல்பாக்கியா என்று எழுதுவோம். செயலைச் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று ஆக்கலாமே என்றால், மூட்டைப்பூச்சிக்கு ஊட்டுவதையும் பட்டாம்பூச்சியின் ஆண்களைக் கொல்வதையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் இல்லை. இந்த உயிர் பூச்சிக்குப் பூச்சி வேறு வேலை செய்கிறது. மாறாதது ஒன்றே: அதை முதலில் ஒரு கொசுவின் சினைப்பையில் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது. அதைச் சொல்லும் பெயர் இருக்கிறது. பிழையின்றி எழுதினால் போதும்.