விளைச்சலில் பங்கும் இலாபத்தில் பங்கும்

எம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். மதரஸாவை விட்டபின் உலகக் கல்வியும் கற்று, இப்போது இரு நண்பர்களுடன் சேர்ந்து புதிய தொழில் ஒன்றைத் தொடங்க முனைந்திருக்கிறார். வங்கிக் கடன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். செல்வர் ஒருவர் 10 லட்சம் ரூபாய் தர முன்வந்துள்ளார். அவர் கேட்பது வட்டியன்று. நிறுவனத்தில் பங்குரிமையும் அன்று. மாதந்தோறும் விற்பனையாகும் தொகையில் நூற்றுக்கு 5 கேட்கிறார். அவ்வாறு செலுத்தியது 15 லட்சம் ஆனதும் தொடர்பு முடிந்துவிடும்.

"ஹஜ்ரத், இது வட்டியா, முளாரபாவா?" என்று மாணவர் கேட்டார்.

உடனே விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. இரண்டும் இல்லை என்று தோன்றியது. இரண்டும் கலந்தது என்றும் தோன்றியது. மறுவாரம் வரச் சொல்லிவிட்டுக் கிதாபுகளைப் புரட்டத் தொடங்கினோம். அவற்றில் கண்டதையும் மேனாட்டு வரலாற்றில் படித்ததையும் வாசகர்முன் வைக்கிறோம்.

மேனாட்டார் இதனை ராயல்டி என்று வழங்குகின்றனர். நூலாசிரியர்கள் பதிப்பாளரிடம் எதிர்பார்த்திருக்கும் அதே ராயல்டிதான். (எதிர்பார்ப்பதைத்தான் சொன்னோம், கிடைப்பதை அன்று.) மண்ணுக்கடியில் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும் மன்னனுடையவை, தோண்டுவோன் அவனுக்குப் பங்கு செலுத்த வேண்டும் என்ற பழைய வழக்கிலிருந்து பிறந்த சொல் அது.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் வெற்றிகொள்ளப்பட்டபோது, அங்கிருந்த யூதர்களிடமே நிலங்களையும் பேரீச்சந் தோப்புகளையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள். விளைவதில் பாதி உழைப்போருக்கு, பாதி முஸ்லிம்களுக்கு என்பது உடன்பாடு. அவர்கள் தம் பொருளைச் செலவிட்டே உழைக்க வேண்டும் என்று ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் காணப்படுகிறது. இந்தச் சொற்றொடரைப் பல்லாண்டுகள் ஓதிக் கொடுத்திருக்கிறோம். அதன் கனம் இப்போதுதான் எமக்கு உறைத்தது. செலவு போக மிஞ்சியதில் பாதியன்று, விளைந்ததில் பாதி! அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள் அங்கே மதிப்பிடச் சென்றபோது, மரத்திலிருந்த கனியைத்தான் மதிப்பிட்டார்கள். உழைத்தோரின் செலவேட்டைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

எனினும் இமாம்கள் இதில் ஒருமித்த கருத்துக் கொண்டாரல்லர். விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை விடும் முஸாரஆவை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை. கைபரில் நடந்தது நிலவரியின் ஒருவகை என்பது அவர்கள் கொண்ட விளக்கம். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் இருவரும் ஆசிரியருக்கு மாறாக அதனை அனுமதித்தனர். ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் மாணவர்களின் சொல்லையே பின்பற்றிற்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ தோப்புக்குள் அகப்பட்ட வெற்று நிலத்துக்கு மட்டும், தோப்புடன் சேர்த்தே அதற்கு இடம் தந்தார்கள். இத்தனை தயக்கம் ஏன்? ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அதனை விளக்கும். மதீனாவில் சிலர், வாய்க்காலோரத்தில் விளைவது எனக்கு, மற்றது உனக்கு என்று பேசி நிலம் விட்டனர். சில வேளை வாய்க்காலோரம் செழித்து மற்றது அழியும்; சில வேளை மறுதலையாகும். ஒருவன் களஞ்சியத்தை நிரப்ப, மற்றவன் வெறுங்கையோடு நிற்பான். அதுவே தடுக்கப்பட்டது.

எம் மாணவரின் வினாவுக்கு மிக நெருங்கிய இடத்தை ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620, கி.பி. 1223) அவர்களின் அல்முக்னீயில் கண்டோம். ஒருவர் தம் வாகனப் பிராணியை மற்றவரிடம் கொடுத்து, அதை வைத்து உழைத்து வரும் கூலியைப் பாதிப்பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ பகிரலாம் என்று பேசினால் அது செல்லும். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களே அவ்வாறு தெளிவாகக் கூறியுள்ளார்கள் என்கிறார் அவர். மற்ற இமாம்கள் பலர் இதனை ஏற்கவில்லை. இப்னு குதாமா காட்டும் ஒப்புமை முஸாரஆ. நிலம் நிலமாகவே நிற்கிறது. அதன்மேல் உழைத்து வந்த பெருக்கத்தில் பங்கு போடுகிறோம். பிராணியும் அவ்வாறே. பொருள் நிலைத்திருக்க, பெருக்கம் பகிரப்படுகிறது. மீனவனிடம் வலையைக் கொடுத்துப் பிடிப்பில் பாதி பேசுவதையும் அவர் எடுத்து ஆராய்கிறார். பிடிப்பு முழுவதும் மீனவனுக்கே, வலைக்காரருக்கு வலையின் வாடகை மட்டுமே என்ற கருத்தைச் சொல்லி, இமாம் அஹ்மதின் சொல்லோடு ஒப்பிட்டால் பங்கு செல்லும் என்றும் எழுதுகிறார். வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு என்று மீனைப் பிரிக்கும் நம் கடற்கரை ஊரார் இந்தப் பக்கத்தைப் படித்தால் தம் ஊரைப் பற்றி எழுதியதென்றே எண்ணுவர்.

பணத்தை முதலாகக் கொடுக்கும் முளாரபாவின் இலக்கணம் வேறு. கொடுத்த பணம் சரக்காக மாறிக் கைவிட்டுப் போகிறது. ஆகவே முதலில் முதல் நிறைய வேண்டும், அதற்கு மேல் மிஞ்சியதே இலாபம், அதில்தான் பங்கு. நட்டமானால் பணம் போட்டவருக்குப் பணம் போயிற்று, உழைத்தவருக்கு உழைப்புப் போயிற்று. ஒருவருக்கு இத்தனை திர்ஹம் என்று அறுதியிட்டால் உடன்படிக்கை முறிந்துவிடும். மொத்த இலாபமே அத்தனை திர்ஹம்தான் என்று முடிந்தால் மற்றவர் கதி என்னாவது?

ஏறத்தாழ இதே வினாவை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் இயந்திரம் எழுப்பிற்று. ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். பணம் போட்ட ஜான் ரோபக் காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். இக்காலத்தார் கூறும் பங்குரிமை முதலீடு இதுவே. ரோபக் 1773இல் நொடித்துப் போனார். அவர் பங்கு கடனுக்கு ஈடாக மாத்யூ போல்ட்டனிடம் சென்றது. 1775இல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. அவ்வாண்டே வாட்டும் போல்ட்டனும் கூட்டுச் சேர்ந்தனர்.

தங்களுக்குள் பங்குரிமையை வைத்துக்கொண்ட இவ்விருவரும், இயந்திரத்தை வாங்குவோரிடம் வேறு வழியைக் கையாண்டனர். கார்ன்வால் பகுதியின் செம்புச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்க அதுவரை நியூகோமன் இயந்திரங்கள் நிலக்கரியை விழுங்கிக்கொண்டிருந்தன. புதிய இயந்திரத்தின் தளவாடச் செலவைச் சுரங்கத்தாரே ஏற்பர். பழைய இயந்திரத்தோடு ஒப்பிட நிலக்கரியில் எவ்வளவு மிச்சமாகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கை வாட் கூட்டாளிகளுக்குச் செலுத்துவர். மிச்சத்தை எப்படி அளப்பது? இயந்திரம் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணும் கருவியொன்றைப் பொருத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டினர். சுரங்கத்தாரின் கணக்கேட்டை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லாது போயிற்று.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் அடிப்படையில் இருக்கிறது. பங்கு எடுத்தது செம்பின் விற்பனையிலன்று, இயந்திரத்தால் வந்த நன்மையில். நன்மையில் மூன்றில் இரண்டு சுரங்கத்தாரிடமே தங்கிற்று. அப்படியிருந்தும் பூசல் வந்தது. 1780களில் ஆங்கில்ஸி தீவின் மலிவான செம்பு சந்தையை நிறைத்தபோது கார்ன்வால் சுரங்கங்கள் தள்ளாடின. சுரங்கம் நட்டத்தில் ஓடினாலும் பூட்டிய பெட்டி எண்ணிக்கொண்டே இருக்குமன்றோ! சுரங்கத்தார் முறையிட்டனர், சிலருக்குத் தொகையைக் குறைக்க நேர்ந்தது. சிலர் கொடுக்காமல் நிறுத்தியதால் வழக்குகளும் நடந்தன.

பெட்டியைப் பூட்டி எண்ணாமல் எதிர்த்தரப்பின் ஏட்டை நம்பினால் என்னாகும் என்பதை ஈரான் அறிந்தது. 1901இல் முஸஃப்பருத்தீன் ஷா, வில்லியம் டார்ஸி என்பவருக்கு 60 ஆண்டுகளுக்கு எண்ணெய் எடுக்கும் உரிமை தந்தார். 20,000 பவுன் ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 என்பது பேச்சு. 1908இல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. நிகர இலாபம் எது என்பதில் பிணக்கும் தொடர்ந்தது. எதைச் செலவென்று கழிப்பது, கிளை நிறுவனங்களின் இலாபத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதெல்லாம் ஏடு எழுதுவோன் கையில் இருந்தது. 1930இல் ஏறத்தாழ 13 லட்சம் பவுன் பெற்ற ஈரானுக்கு 1931இல் 3 லட்சத்துக்குச் சற்று மேலே கிடைத்தது. 1932இல் ரிஸா ஷா உரிமையை ரத்துச் செய்தார். 1933இன் புதிய உடன்படிக்கையில் டன்னுக்கு 4 ஷில்லிங் என்ற முறை புகுந்தது. பங்குதாரருக்குப் பகிரும் இலாபத்தில் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டது. டன்னை எண்ணலாம், இலாபத்தை எழுத வேண்டும். அதிலும் ஈரானியர் நிறைவடையவில்லை, 1951இல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினர் என்பது வேறு கதை.

மறுவாரம் மாணவர் வந்தார். முதலில் கணக்கைப் பார்த்தோம். மாத விற்பனை 4 லட்சம் என்றால் செல்வரின் பங்கு 20,000. தொழிலில் நூற்றுக்கு 6 இலாபம் நின்றால் 24,000; உழைத்த மூவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 4,000. 15 லட்சம் தீர 75 மாதங்கள். இலாபம் நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தால் 16,000 சம்பாதித்து 20,000 கொடுப்பார்கள். சரக்குச் செலவு அதிகமில்லாத தொழிலுக்கு இந்தப் பங்கு இலேசானது. வாங்கி விற்கும் தொழிலுக்கு அது கழுத்து நுகத்தடி. மாணவரின் தொழில் வாங்கி விற்பது. அவர் முகம் வாடிற்று.

பிறகு ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தோம். ஐந்தாண்டுக்குள் தொழில் மூடப்பட்டால், 15 லட்சத்தில் எஞ்சியதை மூவரும் சொந்தப் பொறுப்பில் கட்ட வேண்டும் என்று இறுதிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. எம் ஐயம் அங்கே தீர்ந்தது. பிராணி இறந்தால் அதன் சொந்தக்காரருக்கும் இழப்பு உண்டு. கைபரில் கனி காய்க்காத ஆண்டில் மதீனாவுக்கும் பேரீச்சம் பழம் வராது. இங்கேயோ கொடுத்தது 10, வர வேண்டியது 15, விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும். விற்பனையில் நூற்றுக்கு 5 என்பது தவணையின் அளவைக் குறிக்கிறதே தவிர வேறில்லை. கடன் என்ற சொல் மட்டும்தான் அந்தத் தாளில் இல்லை.

அந்த விதியை அகற்றிவிட்டால் ஆகுமா என்று மாணவர் கேட்டார். அப்போதும் கொடுப்பது பிராணியன்று, பணம். பொருள் நிலைத்திருக்க வேண்டும் என்ற இப்னு குதாமாவின் ஒப்புமை பணத்துக்குப் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை என்றோம். அவர் இயந்திரம் வாங்கித் தந்து, அது அவர் உடைமையாகவே இருந்து, அதனால் வரும் வருவாயில் பங்கு கேட்டால் ஹன்பலி அறிஞர்களின் சொல்லில் இடமிருக்கிறது. பணமாகவே தருவதென்றால் முளாரபாவாக எழுதி, கொள்முதலும் செலவும் கழித்த இலாபத்தில் பங்கு பேசுங்கள். ஏட்டை அவரும் எந்நேரமும் பார்க்கத் திறந்து வையுங்கள் என்றோம்.

"ஏட்டை நம்ப மாட்டேன் என்றுதான் அவர் விற்பனையில் பங்கு கேட்டார், ஹஜ்ரத்" என்றார் மாணவர். நியாயமான மறுப்புத்தான். ஈரான் கதையைச் சொன்னபின் நாம் அதை மறுக்க முடியவில்லை. கணக்கு எழுத இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரை அமர்த்தலாம், அவர் சம்பளத்தையும் செலவில் சேர்க்கலாம் என்று யோசனை கூறினோம். செல்வரிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை.