பழைய புல்லட்டை அறுப்பதற்கு முன்

புதுக்கோட்டைப் பக்கம் சில வீடுகளில் தாத்தா ஓட்டிய புல்லட் இன்னும் சாக்கு போர்த்தி நிற்கும். அதைச் சரிசெய்யும் ஆசை இருந்தால் முதலில் அதன் வரலாற்றைப் பாருங்கள் நண்பர்களே.

1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. வண்டிகள் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்தன. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் தயாரானது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. சென்னை புல்லட் நிற்கவில்லை. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

அடிப்படை இன்ஜின் பல வருடங்கள் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் பழைய வண்டிக்கும் இன்று பாகம் தேடிப் பிடிக்க முடிகிறது. டேங்க் துருவை எடுக்கலாம், கார்புரேட்டரைக் கழுவலாம், வயரிங்கை மாற்றலாம். இதெல்லாம் வீட்டிலேயே நடக்கும்.

ஆனால் சரிசெய்வது வேறு, மாற்றியமைப்பது வேறு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். அதற்கு முன் பதிவான புல்லட் எல்லாம் இப்போது 50-ஐத் தாண்டிவிட்டது. நம் மாவட்டத்தைவிட மூத்த வண்டி அது! ஃபிரேமை அறுத்து 'சாப்பர்' ஆக்கினால் அந்தத் தகுதி போய்விடும். அறுத்ததை வெல்டிங் வைக்கலாம், வரலாற்றை ஒட்டவைக்க முடியாது.

உங்கள் வீட்டு ஆர்சி புத்தகத்தில் என்ன வருடம் இருக்கிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.