கண்ணாடிச் செம்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடி அலைகிறவர்களின் கண்ணில் தப்பாமல் படுவது பன்னீர்ச் செம்பு. பருத்த வயிறு, கொக்குக் கழுத்து, கழுத்தின் உச்சியில் ஊசித்துளைகள் போட்ட ஒரு மொட்டு. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடையின் மேல்தட்டில் மூன்று பன்னீர்ச் செம்புகள் வரிசையாக நின்றன. ஒன்று வெள்ளி. இன்னொன்று ஜெர்மன் சில்வர். மூன்றாவது, மயில்கழுத்து நிறத்தில் ஊதிய கண்ணாடி. அதன் மொட்டு மட்டும் வெள்ளி. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இது வெள்ளிச் செம்பு, இது ஜெர்மன் செம்பு, அது கண்ணாடிச் செம்புண்ணே."

செம்பு என்பது ஓர் உலோகம். வெள்ளி வேறு, கண்ணாடி வேறு. ஆனாலும் அவர் சொன்னதில் தமிழ்க் காதுக்கு எந்த நெருடலும் இல்லை. கண்ணாடியை எப்படிச் செம்பு என்று அழைக்க முடிந்தது? அன்று வாங்கிய கண்ணாடிச் செம்போடு இந்தக் கேள்வியும் என் வீட்டுக்கு வந்தது. பழைய வெள்ளியும் கண்ணாடியும் சேர்க்கும் பழக்கம் சொல் சேர்க்கும் பழக்கமாகவும் மாறியது அப்படித்தான்.

செம்மை என்றால் சிவப்பு. நிறத்தைக் கொண்டு உலோகத்துக்குப் பெயர் வைப்பது தமிழின் பழைய வழி. சிவந்தது செம்பு, வெளுத்தது வெள்ளி, கறுத்தது இரும்பு. இரும்புக்குக் கரும்பொன் என்றும் வெள்ளிக்கு வெண்பொன் என்றும் பெயர்கள் உண்டு. ஆக, வெள்ளிச் செம்பு என்ற தொடரை வேரோடு பிரித்துப் பார்த்தால் 'வெளுத்த சிவப்பு' என்றுதான் பொருள் வரும்.

உலோகப் பெயர் பாத்திரத்துக்கு ஆகிவந்தது எளிதில் புரிகிறது. தண்ணீர் மொள்ளவும் குடிக்கவும் வீட்டில் இருந்தது செம்பாலான சிறு பாத்திரம். பொருளின் பெயரே பாத்திரத்துக்கு நிலைத்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் செம்பு என்றால் தண்ணீர்ப் பாத்திரம். மலையாளத்தில் உலோகமும் அதுதான், பெரிய சமையல் பாத்திரமும் அதுதான். பாத்திரம் பித்தளைக்கும் வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. பேச்சுத் தமிழ் இதற்குள் ஒரு பிரிவினையும் செய்திருக்கிறது. உலோகத்தைச் செம்பு என்றும் பாத்திரத்தைச் சொம்பு என்றும் சொல்கிறவர்கள் இன்று பலர். நாவில் புரண்ட திரிபு, இரண்டு பொருளையும் தனித்தனியே நிறுத்த உதவியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்குக் கூடப்பிறந்த ஒன்று உண்டு: செப்பு. இரும்பு என்பது இருப்புப்பாதை என்று வலிப்பது போல, கரும்பு கருப்பஞ்சாறு ஆவது போல, செம்பு இன்னொரு சொல்லோடு சேரும்போது செப்பு ஆகும். செப்பேடு, செப்புப்பட்டயம், செப்புத் திருமேனி எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் செப்பு தனியாகவும் நின்றது. தனியாக நின்றபோது அது மூடியுள்ள சிமிழைக் குறித்தது. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், சூடப்படாத பூ செப்புக்குள் கிடந்து வாடுவது தலைவியின் மெலிவுக்கு உவமையாகிறது. குழந்தைகள் சோறாக்கி விளையாடும் செப்புச் சாமானில் அந்தச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரே வேரில் கிளைத்த இரண்டில் செப்பு பூவை வைத்துக்கொண்டது, செம்பு நீரை வைத்துக்கொண்டது. பூவும் நீரும் ஒன்றாகக் கலந்த பன்னீர் வந்தபோது அதைத் தாங்கும் கலத்துக்குச் செம்பு என்ற பெயர் அமைந்தது எனக்கு நிறைவான பொருத்தமாகத் தோன்றுகிறது.

பன்னீருக்கு வருவோம். பன்னீர் என்பதைப் பல நீர் என்று பிரிப்பவர்கள் உண்டு. திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தரும் பன்னீர் இலையை, முருகனின் பன்னிரு கைகளுக்கு ஈடாகப் பன்னிரண்டு நரம்புள்ள 'பன்னிரு இலை' என்று பக்தியோடு விளக்குபவர்களும் உண்டு. பன்னீர்ச் செம்பின் பன்னீரைத் தெளிவாக்கித் தருவது மலையாளம். அங்கே அது இன்றும் பனிநீர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பன்னீர், பன்னீரு என்று சுருக்கிக்கொண்டதை மலையாளம் சுருக்காமல் வைத்திருக்கிறது. தண்மையான நீர் தண்ணீர், வெம்மையான நீர் வெந்நீர், கண்ணின் நீர் கண்ணீர். இந்தக் குடும்பத்தில் பனியின் நீர் பன்னீர்.

மலையாளம் இன்னொன்றும் சொல்கிறது. ரோஜாவுக்கு அங்கே பனிநீர்ப்பூ என்று பெயர். பூவின் பெயரால் நீர் அழைக்கப்படுவதே உலக வழக்கம். இங்கே நீரின் பெயரால் பூ அழைக்கப்படுகிறது. குப்பியில் அடைத்த நீர் கப்பலேறி முன்னே வந்து, அது எந்தப் பூவின் நீர் என்பது பின்னால் அறிமுகமானது என்று கருத இந்தப் பெயர் இடம் தருகிறது.

கப்பல் வந்த திசையும் தெரிந்ததே. பாரசீகத்தின் பார்ஸ் மாநிலத்தில் ஜூர் என்ற ஊர் பன்னீருக்குப் பேர்போனது; இன்றைய பிரூசாபாத் அதுதான். அங்கே வடித்த பன்னீர் பல நாடுகளுக்குப் போனதை 10ஆம் நூற்றாண்டு அரபு நிலவியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரசீக மொழியில் 'குல்' பூ, குறிப்பாக ரோஜா, 'ஆப்' நீர், சேர்ந்தால் குலாப். அதைத் தெளிக்கும் கலம் குலாப்பாஷ். 'பாஷ்' என்றால் தெளிப்பது. ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் பன்னீர் தெளித்துக் கொண்டாடும் விழாவைப் பற்றி எழுதியிருக்கிறார். நூர்ஜஹானின் தாயார் பன்னீர் வடிக்கும்போது மேலே மிதந்த நெய்யைத் திரட்டி ரோஜா அத்தரைக் கண்டறிந்ததாகச் சொல்வதும் அதே நூல்தான்.

மேற்கே போன பயணமும் உண்டு. அரபு மொழியில் தெளிப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த பெயர், ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் அல்மொர்ராட்சா ஆயிற்று. 16, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கே ஊதிய அல்மொர்ராட்சா மெல்லிய கண்ணாடியால் ஆனது. தோளிலிருந்து நாலு குட்டிக் குழாய்கள் கிளைத்து நிற்கும். உலக அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பிரிவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

பாரசீகப் பெயரும் அரபுவழிப் பெயரும் கலம் செய்யும் வேலையைச் சொல்கின்றன. தமிழ் அந்தப் பெயர்களில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே வழியில் வந்த அத்தர் அத்தராகவே தமிழில் இருக்கிறது. ரோஜாவும் சர்க்கரையும் சேர்ந்த குல்கந்து, 'குல்' என்ற பாரசீகச் சொல்லை வெற்றிலைக் கடை வரை கொண்டுவந்துவிட்டது. பன்னீருக்கு மட்டும் தமிழ் தானே பெயர் வைத்தது. அந்தப் பெயர் எவ்வளவு உற்றுப் பார்த்து வைத்த பெயர் என்பது, பன்னீர் வடிப்பதை அறிந்தால் விளங்கும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் பழைய முறையில் வடிக்கிறார்கள். 'தேக்' என்ற பெரிய செப்புக் கலத்தில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். மணமேறிய ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்ற இன்னொரு செப்புக் கலத்துக்குள் இறங்கும். அந்தக் கலம் குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும். உள்ளே வந்த ஆவி குளிர்ந்து துளித்துளியாகிச் சேரும். புல்நுனியில் பனி படிவதும் இப்படித்தான். காற்றிலுள்ள ஈரஆவி குளிர்ந்து துளியாகிறது. பனித்தல் என்ற வினைக்குத் துளித்தல் என்றும் பொருள் உண்டு. கண் பனித்தது என்கிறோம். தொட்டால் குளிர்ச்சி, பிறப்பிலும் பனி. பெயர் வைத்தவர்கள் வடிகலத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, அவர்கள் வைத்த சொல் அந்தத் தொழிலின் நுட்பத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கிறது.

பெயருக்கேற்ப நடக்கும்படி கலமும் செய்யப்பட்டிருக்கிறது. குறுகலான கழுத்தும் சிறு துளைகளும் நீரைச் சும்மா விடுவதில்லை. கவிழ்த்தாலும் கொட்டாது, வீசி உதறினால்தான் தூவும். உதறுவது நின்றதும் துளைவாயில் நீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விருந்தாளியின் மேல் விழுவது நாலைந்து துளி. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கல்யாண வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டோடு பன்னீர்ச் செம்பு நிற்கிறது. முஸ்லிம் வீடுகளின் நல்ல காரியங்களிலும் பன்னீர் தெளிக்கிறார்கள். அங்கேயும் அதற்குப் பெயர் பன்னீர்தான். சமயங்கள் வேறாகியும் சொல் ஒன்றாக நிற்கிறது.

சேர்ப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்ல வேண்டும். வெள்ளிச் செம்பு வாங்கும்போது கழுத்தைத் திருகிப் பாருங்கள். நிரப்புவதற்காகக் கழற்றும் இடம் அது. மரை தேய்ந்திருந்தால் உதறும்போது ஒழுகும். கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதைப் பொடி வைத்து ஊதி ஒட்டிய தடம் காட்டிவிடும். கறுத்த வெள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம். அது காற்றிலுள்ள கந்தகத்தின் வேலை. விபூதி போட்டு ஓயாமல் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்பில்தான் இழப்பு அதிகம். பூவேலையின் இதழ்கள் மழுங்கிப் போயிருக்கும். கண்ணாடிச் செம்பைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ஊதி முடித்துக் கம்பியிலிருந்து முறித்த தழும்பு இருந்தால் அது கையால் செய்தது என்பதற்கு நல்ல அடையாளம். உள்ளே சிறு குமிழ்கள் இருந்தால் அவை குறையல்ல; ஊதியவரின் உலையையும் அவசரத்தையும் காட்டும் சுவடுகள்.

அந்த மூன்று செம்புகளுக்குத் திரும்புகிறேன். சுத்த வெள்ளி மிக மெத்தென்றது. பாத்திரம் நெளியாமல் நிற்கச் செம்பைக் கலப்பார்கள். ஸ்டெர்லிங் வெள்ளியில் 1000 பங்குக்கு 925 வெள்ளி. மீதி 75 பெரும்பாலும் செம்பு. ஜெர்மன் சில்வரில் வெள்ளி குன்றிமணி அளவும் இல்லை. அதில் பெரும்பங்கு செம்பு. நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்து அதை வெளுக்கச் செய்கின்றன. சீனர்கள் நெடுங்காலம் செய்துவந்த உலோகம் அது. 1820களில் ஜெர்மனியில் அதைப்போலச் செய்யக் கற்றார்கள். சீனத்தில் அதன் பெயருக்கு 'வெண்செம்பு' என்றே பொருள். கண்ணாடியில் மயில்கழுத்தின் பசுநீலம் வருவதற்குப் பழங்காலம் முதல் உலையில் சேர்த்து வந்ததும் செம்புதான். கடைத் தட்டில் நின்ற மூன்றிலும் செம்பு ஏதோ ஒரு வடிவில் ஒளிந்திருக்கத்தான் செய்தது. அதை அறிந்து யாரும் பெயர் வைக்கவில்லை. பாத்திரப் பெயர் பழக்கத்தால் ஒட்டியது. ஆனாலும் பழக்கத்தில் நிலைத்த சொல் உண்மைக்கு இவ்வளவு அருகில் நிற்பதைப் பார்க்கையில் மனம் குளிர்கிறது.

என்னிடமுள்ளவற்றில் விலை மிகக் குறைந்தது அப்பத்தா வைத்திருந்த பன்னீர்ச் செம்பு. வெள்ளி முலாம் பூசியது. வீட்டுக் கல்யாணங்களில் எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து, வயிற்றுப் பக்கம் கட்டைவிரல் படும் இடத்தில் முலாம் தேய்ந்துவிட்டது. அந்த இடத்தில் உள்ளிருக்கும் உலோகம் ஒரு பெரிய குங்குமப் பொட்டளவு சிவந்து தெரிகிறது. மறுபடி முலாம் பூசினால் புதிதுபோல ஆகிவிடும் என்கிறார்கள். நான் பூசக் கொடுப்பதாக இல்லை. வந்தவர்களை வரவேற்ற கைகளெல்லாம் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்த பெயர் அது.