கிரீம் இல்லாத கிராக்கரும் ஒரு துண்டு சீஸும்

ஆணி பிடுங்குற இடத்துக்கு எடுத்துட்டுப் போக, அடுப்பே பத்த வைக்காம அஞ்சு நிமிஷத்துல தயாராகிற மதியச் சாப்பாடு எதுன்னு கேட்டா, எங்க லேப்ல முக்கால்வாசிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான். கிராக்கரும் சீஸும். நானும் டப்ளின் வந்த முதல் குளிர்காலத்துலயே இந்தக் கட்சியில சேர்ந்துட்டேன்.

செய்முறைன்னு சொல்லிக்கிற அளவுக்கு எதுவும் கிடையாது. கிரீம் கிராக்கர் ஆறு. செடார் சீஸ் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டி, மெல்லிசா சீவினது. ரெண்டையும் தனித்தனியா கட்டணும், அது மட்டும் முக்கியம். வீட்டுலயே மேல வச்சு மூடிட்டீங்கன்னா சீஸ்ல இருக்கிற ஈரம் பூரா கிராக்கருக்கு இறங்கி, மதியம் திறக்கும்போது நமத்துப்போன அப்பளம் மாதிரி இருக்கும். சாப்பிடும்போதுதான் சேர்க்கணும். மேல ஒரு பொட்டு மாங்காய்த் தொக்கு. (இந்த ஊர்க்காரங்க 'சட்னி'ன்னு ஒண்ணு வைப்பாங்க. நம்ம பக்கத்துல இருந்து கப்பலேறிப் போன வார்த்தை, ஜாமா மாறி வந்து நிக்குது. பாவம்.) சைவக்காரங்க சீஸ் அட்டையைத் திருப்பிப் பாத்துடுங்க. பாலை உறைய வைக்கிற ரென்னெட் கன்றுக்குட்டி வயித்துல இருந்தும் எடுப்பாங்க, வேற வழியிலயும் செய்வாங்க. சைவ ரென்னெட்னா பெரும்பாலும் எழுதியிருப்பாங்க.

அவ்வளவுதான் சமையல் குறிப்பு. இனி இந்தப் பதிவு வரலாறு :-)

கிரீம் கிராக்கர்னு பேர் இருக்கே, கிரீம் எங்கேன்னு கேக்காத நம்மாளு கிடையாது. உள்ள கிரீம் கிடையாது. மைதா, கொழுப்பு, ஈஸ்ட், உப்பு, அவ்வளவுதான். மாவைப் புளிக்க வச்சு, மெல்லிசா தேய்ச்சு, பரோட்டாவுக்கு மடிக்கிற மாதிரி அடுக்கடுக்கா மடிச்சு, திரும்பத் தேய்ச்சு வெட்டுவாங்க. மேல வரிசையா ஓட்டை இருக்கில்ல, அது அழகுக்கு இல்ல. ஓட்டை போடலேன்னா சூட்டுல ஆவி வெளிய போக வழியில்லாம பூரி மாதிரி உப்பிடும். எங்களுக்கு பூரி உப்பினாத்தான் சந்தோஷம், இவங்களுக்கு உப்பாம இருந்தாத்தான் வியாபாரம். தண்ணிச் சத்து பூரா போயிடறதால பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது, மாசக்கணக்குல கெடாது. இந்தக் 'கெடாது' தான் மொத்தக் கதைக்கும் ஆரம்பம்.

ஏன்னா இது முதல்ல யாரும் ஆசைப்பட்டு சாப்பிட்ட பண்டம் இல்ல. கப்பல்காரன் வேற வழியில்லாம கடிச்சது. மாவும் தண்ணியும் மட்டும் சேர்த்து, கல்லு மாதிரி சுட்டெடுத்த கப்பல் பிஸ்கட். இங்கிலாந்து கடற்படையில 1677ல சாமுவேல் பெப்பிஸ் (டைரி எழுதிப் புகழ்பெற்ற அதே பெப்பிஸ், அப்போ கடற்படை நிர்வாகத்துல செயலாளர்) காலத்துல ஒரு ரேஷன் ஒப்பந்தம் போட்டாங்க. அதுல ஒரு மாலுமிக்கு தினம் ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு கேலன் பீர். கறி கிடைக்காத நாட்கள்ல 2 அவுன்ஸ் வெண்ணெயும், 4 அவுன்ஸ் சஃபோக் சீஸும். கிராம் கணக்குல பிஸ்கட் கிட்டத்தட்ட 450, சீஸ் 113. ஆக, பிஸ்கட்டும் சீஸும் ஜோடியா சர்க்கார் காகிதத்துல ஏறி முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அந்த சஃபோக் சீஸ் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். பாலாடை பூராத்தையும் வெண்ணெய்க்கு எடுத்து லண்டனுக்கு வித்துட்டு, மிச்சம் இருக்கிற சப்பைப் பால்ல செஞ்சது. கொழுப்பு இல்லாததால கட்டையா காஞ்சு போகும். மாலுமிகள் திட்டித் தீர்த்து, கடைசியில 1758ல கடற்படையே அதை வாங்கறதை நிறுத்துச்சு. நல்லது முதலாளிக்கு, சக்கை உழைக்கிறவனுக்கு. நமக்குப் புதுசா என்ன?

இன்னொரு சுவாரஸ்யம். பிற்காலத்துல இந்தக் கறி இல்லாத நாட்களுக்கு மாலுமிகள் வச்ச பேர் 'பனியன் நாள்'. உள்ளாடை இல்லீங்க! கறி தொடாத குஜராத்தி பனியா வியாபாரிகளைப் பார்த்துட்டுப் போய் வச்ச பேர். சைவமா சாப்பிடறது ஒரு தண்டனைங்கிற தொனியிலதான் சொல்லியிருப்பாங்க. போகட்டும்.

சரி, அயர்லாந்துக்கு வருவோம். இந்த ஊருக்கும் சீஸுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. பழைய ஐரிஷ் கதைகள்ல மேவ்னு ஒரு ராணி. எத்தனையோ போர் பார்த்தவ, கடைசியில எப்படிச் செத்தா தெரியுமா? ஏரியில குளிச்சிட்டு இருக்கும்போது, தன் அம்மாவைக் கொன்னவள்னு வன்மம் வச்சிருந்த அக்கா மகன், கையில கடிச்சிட்டு இருந்த கெட்டி சீஸையே கவண்ல வச்சு அடிச்சுட்டான். கதைதான். ஆனா அவ்வளவு கெட்டியா சீஸ் செஞ்ச ஊருன்னு தெரியுதில்ல? அப்படிப்பட்ட நாட்டுல 18ஆம் நூற்றாண்டு வாக்குல சீஸ் செய்யறதே அநேகமா அழிஞ்சு போச்சு. பால் பூரா வெண்ணெயாகி கார்க் துறைமுகம் வழியா ஏற்றுமதிக்குப் போச்சு. பண்ணை வீட்டு சீஸ் திரும்ப உயிர் பிடிச்சது 1970கள்லதான். மேற்கு கார்க்ல வெரோனிகா ஸ்டீல்ங்கிற அம்மா வீட்டுல மிஞ்சின பாலை வச்சு 'மில்லீன்ஸ்'னு ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாங்க. மத்தவங்க பின்னாடியே வந்தாங்க.

கிராக்கர் கதை வேற மாதிரி. வாட்டர்ஃபோர்டுன்னு ஒரு துறைமுக ஊர். அங்க ஜேக்கப் குடும்பம் ரொட்டியும் கப்பல் பிஸ்கட்டும் சுட்டு வித்துட்டு இருந்தது. 1851ல வில்லியம் பீல் ஜேக்கப்பும் தம்பி ராபர்ட்டும் சேர்ந்து கொஞ்சம் நாசூக்கான பிஸ்கட்டுகளுக்கு மாறினாங்க. சீக்கிரமே டப்ளினுக்குக் கடை மாத்தி, பிஷப் தெரு பக்கம் ஃபேக்டரி போட்டாங்க. 1885ல கிரீம் கிராக்கர் வந்தது. கப்பல் பிஸ்கட்டோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம். அதே கெடாத குணம், ஆனா பல்லு உடையாது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் தகர டப்பாவுல கூடவே போச்சு. மலேசியாவுல காப்பியில முக்கி சாப்பிடறாங்க. இலங்கையில பிளேன் டீயோட. என் அறைத்தோழன் யாழ்ப்பாணத்துக்காரன், இங்க கடையில கிரீம் கிராக்கரைப் பார்த்துட்டு "அட, எங்கட சாமான் இங்கயும் இருக்கே" என்றான். யாரோட சாமான்னு அவனுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். தாங்கிக்கிட்டான்.

ஜேக்கப் குடும்பம் குவேக்கர் மதப்பிரிவு. சண்டை வேண்டாம், சாராயம் வேண்டாம், நேர்மையா வியாபாரம் பண்ணுன்னு சொல்றவங்க. அந்தக் காலத்து பிஸ்கட், சாக்லேட் கம்பெனிகள்ல பாதி இவங்களோடதுதான். கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ, ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ். அப்படிப்பட்டவங்க ஃபேக்டரியில நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

1911ல அங்க வேலை பார்த்தவங்க சுமார் 3000 பேர். பெரும்பாலும் பெண்கள், அதுலயும் நிறைய சின்னப் பொண்ணுங்க. ரோஸி ஹேக்கெட்னு ஒரு பொண்ணு, வயசு 18. ஃபேக்டரிக்குள்ள கடிதம், தகவல் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. அந்த ஆகஸ்ட்ல ஆண்கள் கூலி உயர்வு கேட்டு வெளிய நின்னாங்க. அவங்களுக்கு ஆதரவா பெண்களைத் திரட்டி வெளிய கொண்டு வந்தவங்கள்ல இந்தப் பொண்ணு முக்கியம். கூலி ஏறிச்சு. அடுத்த மாசமே ஐரிஷ் பெண் தொழிலாளர் சங்கம் ஆரம்பமாச்சு. முன்னாடி நின்னது டீலியா லார்கின், கூடவே ரோஸி.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1913. டப்ளின் முதலாளிகள் நானூறு பேருக்கு மேல ஒண்ணு சேர்ந்து, ஜிம் லார்கினோட சங்கத்துல இருக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டாத்தான் வேலைன்னு சொல்லி கதவைச் சாத்தினாங்க. சுமார் 20,000 பேர் வீதியில. ஜேக்கப் ஃபேக்டரியில செப்டம்பர் முதல் வாரம் பிரச்சினை வெடிச்சது எதனால தெரியுமா? ஒரு பேட்ஜ். சட்டையில குத்தியிருந்த சங்க பேட்ஜைக் கழட்டச் சொன்னாங்க, பொண்ணுங்க கழட்ட மாட்டோம்னாங்க. வெளிய போன்னுட்டாங்க.

இங்கதான் எனக்குத் தொண்டை அடைக்குது. மாசக்கணக்குல கெடாத, உலகம் பூரா பசியைத் தாங்குற ஒரு பண்டத்தைப் பெட்டி பெட்டியா அடைச்ச கைகள், அந்த இலையுதிர் காலத்துல லிபர்ட்டி ஹால் வாசல்ல சூப்புக்கு வரிசையில நின்னது. அந்தக் கஞ்சித் தொட்டியை நடத்தினவங்கள்லயும் ரோஸி இருந்தாங்க. இங்கிலாந்து தொழிற்சங்கங்கள் காசு திரட்டி, செப்டம்பர் கடைசியில 'ஹேர்'ங்கிற கப்பல்ல உணவுப் பொட்டலங்கள் அனுப்பினாங்க. அப்பவும் 1914 ஆரம்பத்துல, பசியில தோத்துப் போய் ஒவ்வொருத்தரா திரும்பினாங்க. ரோஸியைத் திரும்ப எடுத்துக்கல.

1916 ஈஸ்டர் எழுச்சியில இதே ஃபேக்டரி திரும்ப வரலாற்றுல வருது. ஏப்ரல் 24 அன்னிக்கு தாமஸ் மக்டொனா தலைமையில புரட்சிக்காரங்க உள்ள புகுந்து ஒரு வாரம் பிடிச்சு வச்சிருந்தாங்க. கவிஞர், கல்லூரி விரிவுரையாளர். உள்ள சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா எல்லாம் பிஸ்கட், கேக், சாக்லேட்! ரெண்டாம் நாளே திகட்டிடுச்சாம். வெளிய அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்னு இவங்களைத் திட்டினதும் பதிவாகியிருக்கு. அவங்க புருஷனும் பிள்ளையும் பிரிட்டிஷ் ராணுவத்துல பிரான்ஸ்ல இருந்தாங்க. அந்த ராணுவப் படிக்காசுலதான் அடுப்பு எரிஞ்சது. பாடப்புத்தகத்துல புரட்சி ஒரே நிறமா இருக்கும், தெருவுல அப்படி இருக்காது. மக்டொனாவை மே 3 அன்னிக்கு சுட்டுக் கொன்னாங்க.

அந்த ஃபேக்டரி 1970கள்ல ஊருக்கு வெளிய டாலா பக்கம் இடம் மாறிச்சு. அங்கயும் 2009ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. பிஷப் தெருவுல ஃபேக்டரி இருந்த இடத்துல இப்போ தேசிய ஆவணக் காப்பகம் இருக்கு. பொருத்தம் பாருங்க, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை இணையத்துல இலவசமா போட்டிருக்கிறது அவங்கதான். கணக்கெடுத்தது ஏப்ரல்ல, வேலைநிறுத்தத்துக்கு நாலு மாசம் முன்னாடி. பக்கத்துத் தெருக்களைத் தேடினீங்கன்னா, தொழில்ங்கிற கட்டத்துல பிஸ்கட் ஃபேக்டரின்னு எழுதின பொண்ணுங்க பேர் வந்துக்கிட்டே இருக்கும். பதினஞ்சு, பதினாறு, பதினேழு வயசு. ஒரு ராத்திரி பூரா உட்கார்ந்து படிச்சேன். லிஃபி ஆத்து மேல 2014ல திறந்த பாலத்துக்கு ரோஸி ஹேக்கெட் பேரு வச்சிருக்காங்க, அதுல நடந்துதான் நான் லேபுக்குப் போறேன்.

இவ்வளவு நீட்டி முழக்கினதுக்குக் காரணம் என் யாழ்ப்பாணத்து நண்பன்தான். பகுதி நேரமா ஒரு கடையில நிக்கிறான். எட்டு மணி நேர ஷிஃப்ட்ல, "கூட்டமா இருக்கு, பிறகு சாப்பிடு"ன்னு சொல்லிச் சொல்லி, கிராக்கரை கவுண்டருக்குக் கீழ வச்சு நின்னுக்கிட்டே கடிச்சிருக்கான். கெடாத சாப்பாடு இருந்தா இதுதான் ஆபத்து, எப்ப வேணா சாப்பிடலாம்ங்கிறது எப்பவுமே சாப்பிட வேணாம்னு ஆயிடுது. மாணவர் விசாவுல இருக்கோம், வாயைத் திறந்தா வேலை போயிடும்னு பயம் வேற.

அதனால இங்க புதுசா வர்ற தம்பி தங்கைகளுக்கு: 1997ல வந்த வேலை நேரச் சட்டப்படி நாலரை மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சா 15 நிமிஷம் இடைவேளை. 6 மணி நேரத்துக்கு மேல போனா 30 நிமிஷம், அந்த 15ம் இதுக்குள்ள அடக்கம். ஷிஃப்ட் முடிவுல சேர்த்து 'சீக்கிரம் வீட்டுக்குப் போ'ன்னு சொல்றது செல்லாது. கடையில வேலைன்னா இன்னும் ஒண்ணு: ஷிஃப்ட் 6 மணி நேரத்துக்கு மேல இருந்து, அதுல காலை 11.30லேர்ந்து மதியம் 2.30 வரையிலான நேரமும் வந்தா, அந்த நேரத்துக்குள்ள ஒரு மணி நேரம் விடணும். இடைவேளைக்குச் சம்பளம் தரணும்னு சட்டம் சொல்லல. கொடுக்கலேன்னா பணியிட உறவுகள் ஆணையத்துல 6 மாசத்துக்குள்ள புகார் போடலாம். மாணவர் விசாவுல இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

நண்பன் இன்னும் புகார் போடல. ஆனா ஒரு நோட்டுல தேதியும் ஷிஃப்ட் நேரமும் இடைவேளையும் எழுத ஆரம்பிச்சிருக்கான். பதினோரு நாள் ஆச்சு. இடைவேளைக் கட்டத்துல ஒன்பது நாள் சைபர்.