புளூகிராஸ் இசை

புளூகிராஸ் என்பது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 1940-களில் உருப்பெற்ற இசை வகை. மாண்டலின், ஐந்து தந்தி பாஞ்சோ, பிடில், கிட்டார், டபுள் பாஸ் ஆகியவை இதன் அடிப்படைக் கருவிகள். மரபான குழுக்களில் டிரம்ஸும் மின்கருவிகளும் இடம்பெறுவதில்லை. தொன்மையான மலைநாட்டு இசை என்று பரவலாகக் கருதப்பட்டாலும், இது வானொலியும் இசைத்தட்டும் வளர்த்த நவீனக் கலை.

தோற்றம்

இதன் வேர்கள் பல. பிடில் மெட்டுகளும் கதைப்பாடல்களும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியோர் வழி வந்தவை. பாஞ்சோவின் மூதாதைக் கருவிகள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையவை. தேவாலயப் பாட்டும் கறுப்பினத்தவரின் புளூஸும் இவற்றோடு கலந்தன.

இவற்றை ஒன்றாக்கியவர் பில் மன்ரோ (1911–1996). கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன்மார் பிடிலையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டதால், இளையவரான இவருக்கு மாண்டலின்தான் மிஞ்சியது. பிடில் வாசித்த தாய்மாமன் பெண்டில்டன் வாண்டிவரும், ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் இவருடைய இசையறிவை வளர்த்தனர். 1939-இல் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடையில் தம் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவுடன் இடம்பெற்றார். குழுவின் பெயரே பின்னர் இசைக்கும் பெயராயிற்று.

1945 இறுதியில் வட கரோலினாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் (1924–2012) பாஞ்சோ வாசிக்கச் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றாலும் தந்திகளை மீட்டும் முறை அவர் ஊர்ப்பக்கம் முன்பே இருந்தது. அதை இடையறாத, வேகமான நடையாக அவர் செம்மைப்படுத்தினார். மன்ரோ, ஸ்க்ரக்ஸ், கிட்டார் கலைஞர் லெஸ்டர் பிளாட், பிடில் கலைஞர் சப்பி வைஸ், பாஸ் கலைஞர் ஹோவர்ட் வாட்ஸ் ஆகியோர் 1946-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவுசெய்த பாடல்களே இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தன.

பரவல்

1948-இல் பிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்து தனிக்குழு அமைத்தனர். வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்களும் அதே பாணியில் பாடத் தொடங்கியபோது, ஒரு குழுவின் நடை ஓர் இசை வகையாக விரிந்தது. 1950-களின் நடுவில் ராக் இசை அலை கேட்போரைக் குறைத்தது. பின்னர் கல்லூரி மாணவர்களிடையே எழுந்த நாட்டுப்புற இசை ஆர்வம் இதற்குப் புத்துயிர் தந்தது. 1965-இல் வர்ஜீனியாவின் பின்காஸில் அருகே கார்ல்டன் ஹேனி நடத்திய பலநாள் விழா, பின்வந்த கோடைகால விழாக்களுக்கு முன்மாதிரி. ஆண்களே நிறைந்திருந்த இத்துறையில் ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் ஆகியோர் 1960-களில் பெண்களுக்கு வழி திறந்தனர். 1967-இல் வெளிவந்த 'பானி அண்ட் கிளைட்' திரைப்படம் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோவை உலகெங்கும் கொண்டுசென்றது.

வாசிப்பும் பயிற்சியும்

பாஸ் தாளத்தின் அடியைத் தர, அடிகளுக்கு இடையே மாண்டலின் தந்திகளை வெட்டுவதுபோல் தட்டி உடனே ஒலியை அடக்கும். 'சாப்' எனப்படும் இந்த அடியே டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்க்கிறது. ஒருவர் தனி வாசிப்பில் முன்வரும்போது மற்றவர்கள் அடங்கிப் பக்கவாத்தியமாகிவிடுவர்.

பாஞ்சோ பயில்பவர் முதலில் பழகுவது 'ரோல்': மூன்று விரல்களும் மாறிமாறி மீட்டும் எட்டு ஒலிகள் கொண்ட கோவை. பாடல் மெட்டை இந்தக் கோவைக்குள் ஒளிரச் செய்வதே கலை. தொடக்ககால மாணவர்கள் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழலவிட்டுக் காதால் கேட்டே கற்றனர். 1968-இல் ஸ்க்ரக்ஸ் வெளியிட்ட பயிற்சி நூல், தந்தியையும் விரலிடத்தையும் எண்களால் காட்டும் 'டாப்' முறையைப் பரவலாக்கியது. 1982-இல் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் புளூகிராஸைப் பாடமாகவே கற்பிக்கத் தொடங்கியது.

ஆயினும் உண்மையான பள்ளி, கலைஞர்கள் வட்டமாகக் கூடி வாசிக்கும் 'ஜாம்'தான். பிறருக்கு இடம்விட்டு வாசிக்கத் தெரியாதவரின் விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும், புளூகிராஸில் அது பாதித் தேர்ச்சியே.