மனநல ஆலோசனை: நமக்கும் நம் பிள்ளைக்கும் ஏற்றவரைத் தேடுவது எப்படி?

பல்வலி என்றால் பல் மருத்துவர், பார்வை மங்கினால் கண் மருத்துவர் என்று நமக்குத் தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்களோடு சேர்வதில்லை, பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். அவனை யாரிடம் அழைத்துச் செல்வது? ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஒரு தாய் பங்குத்தந்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. அவர் தயங்குவதற்குக் காரணம், "பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற அச்சம். இந்த அச்சத்தால் எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காலம் தாழ்த்துகின்றன.

பங்குத்தந்தை செவிமடுப்பார், செபிப்பார், வழிகாட்டுவார். ஆனால் மனச்சோர்வு, கடும் பதற்றம் போன்றவற்றுக்குச் சிகிச்சை அளிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பதும் இல்லை.

யார், எதற்கு?

முதலில் உடலைப் பரிசோதிப்பது நல்லது. தைராய்டு குறைபாடுகூடச் சோர்வையும் மனவாட்டத்தையும் தரக்கூடும். உடலில் குறை இல்லை என்று தெரிந்தபின் அடுத்த படி.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தருபவர் இவரே. மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சை தருவார், அறிவுத்திறன் முதலிய சோதனைகள் செய்வார். இவர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆற்றுப்படுத்துநர், அதாவது நாம் கவுன்சிலர் என்று அழைப்பவர், குடும்பச் சிக்கல், துயரம், படிப்பு பற்றிய கவலை போன்றவற்றில் துணைநிற்பார். முறையாகப் பயின்ற நல்லவர்கள் இவர்களில் பலர். எனினும் சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு பெயர்ப்பலகை மாட்டியவர்களும் உண்டு என்பதால் படிப்பை விசாரிப்பது அவசியம். குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் ஸ்பீச் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களில் சிரமம் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

1. உங்கள் படிப்பு என்ன? பதிவு எண் உண்டா?
2. இதே சிக்கலோடு, இதே வயதில் வந்தவர்களுக்கு முன்பு சிகிச்சை அளித்திருக்கிறீர்களா?
3. எந்த முறையில் செய்வீர்கள்? ஏறத்தாழ எத்தனை சந்திப்புகள் தேவைப்படும்? முன்னேற்றத்தை நாங்கள் எப்படி அறிவது?
4. ஒரு சந்திப்புக்குக் கட்டணம் எவ்வளவு?
5. நாங்கள் பேசுவது எந்தச் சூழலில் பிறருக்குச் சொல்லப்படும்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல சிகிச்சையாளர் இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். 2018 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் இரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே தந்துள்ளது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே அதற்கு விதிவிலக்கு. குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பிள்ளைக்காகத் தேடும்போது

"உன்னைத் திருத்தத்தான் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லி அழைத்துச் சென்றால், பிள்ளை வாய் திறக்காது. "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, உதவி கேட்கப் போகிறோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் விளையாட்டிலும் படம் வரைவதிலும்தான் மனம் திறப்பார்கள், ஆகவே "விளையாட விடுகிறாரே, இதற்கா பணம்?" என்று எண்ண வேண்டாம். பெற்றோரையும் அழைத்துப் பேசுபவர், தேவையானால் ஆசிரியரிடம் விசாரிப்பவர் நம்பத்தக்கவர். வீடு திரும்பும் வழியில் "உள்ளே என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள். வளர்இளம் பருவத்தினருக்கு அந்த அறை தங்களுக்கே உரிய இடம் என்ற நம்பிக்கை வேண்டும்.

எப்போது மாற்றலாம்?

சிகிச்சை பலன் தருவதில், சிகிச்சையாளருக்கும் நமக்கும் இடையே உள்ள நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. முதல் நாளே மாற்றம் தெரியாது. மூன்று, நான்கு சந்திப்புகள் வரை பாருங்கள். அதன் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். வேறொருவரைப் பரிந்துரைக்கக் கேளுங்கள். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் இத்தனை நாளில் குணமாக்குவேன் என்று உறுதி கூறுபவர், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பிறர் கதையை நம்மிடம் சொல்பவர், எல்லை மீறித் தொடுபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

பணம் இல்லையே என்றால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இன்றும் பணியாற்றுகிறது. 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், ஏற்றவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியே விடாமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாயின் மகனைப் போல் நம் பங்கிலும், நம் தெருவிலும், ஏன் நம் வீட்டிலும்கூட ஒருவர் இருக்கலாம். "யாரிடம் போவது?" என்று அவர்கள் கேட்கும்போது, "பயப்படாதீர்கள், முதல் நாள் நானும் உடன் வருகிறேன்" என்று சொல்வோமா?