கலை மாணவருக்காகப் பிறந்த கணினி மொழி

கலைப்பீடத்துக்கு வரும் எங்களில் கனபேருக்குக் கணினிப் பாடம் எண்டால் வேர்ட்டில் கடிதம் அடிப்பது, எக்செல்லில் கூட்டல் போடுவது, பவர்பொயின்ட்டில் படம் செருகுவது. பரீட்சை முடிய அதையும் மறந்துவிடுவோம். செய்நிரல் எழுதுவது விஞ்ஞானப் பெடியளின் வேலை, எங்களுக்கு இவ்வளவு காணும் எண்டு நாங்களே சொல்லிக்கொள்வோம். ஆனால் வரலாறு வேறு மாதிரி. பல்கலைக்கழக மாணவர் எல்லாருக்குமான கணினி அறிமுகப் பாடத்தின் முக்கியமான தொடக்கமொன்று, கலையும் சமூக விஞ்ஞானமும் படித்தவர்களை மனதில் வைத்துத்தான் நடந்தது. அவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தது செய்நிரல் எழுத.

இடம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரி. ஆட்கள், கணிதப் பேராசிரியர்கள் ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும். கெமெனி புடாபெஸ்டில் பிறந்த யூதர். குடும்பத்தோடு 1940இல் அமெரிக்காவுக்குத் தப்பிவந்து, பிறகு ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர்.

அந்தக் காலத்தில் கணினியைத் தொடுவதே பெரும்பாடு. செய்நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, இயக்குநரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்தால் திரும்பவும் வரிசை. டார்ட்மத்தில் கணினி வருவதற்கு முன்னர் கேர்ட்ஸ் அட்டைகளைக் காவிக்கொண்டு ரயிலேறி, எம்ஐடியின் கணினிக்குப் போய்வந்தார். இந்த முறையில் ஒரு வகுப்பு முழுவதற்கும் படிப்பிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டார்ட்மத் மாணவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான் விஞ்ஞானமோ பொறியியலோ படித்தார்கள். மிச்சப்பேர் நாளைக்கு அரசாங்கத்திலும் வியாபாரத்திலும் முடிவெடுக்கப் போகிறவர்கள். கணினி என்னெண்டு வேலை செய்கிறது எண்டு தெரியாமல் அவர்கள் அதைப்பற்றி எப்படி முடிவெடுப்பார்கள்? இதுதான் அந்த இருவரின் கேள்வி. விரிவுரையில் கேட்டால் மட்டும் போதாது, கையால் எழுதிப் பார்க்க வேண்டும் எண்டு அவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, ஒரே கணினியைப் பலபேர் ஒரே நேரத்தில் பாவிக்கும் நேரப்பகிர்வு முறை. அதற்கான செய்நிரலில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளமாணி மாணவர்கள். மற்றது, பேசிக் எண்ட புது மொழி. பதினைந்து சொல்லுக்குள் அடங்கிவிடும் மொழி அது: லெட், பிரிண்ட், இஃப், எண்ட். கணினிக்குள் நுழைய 'ஹலோ', வெளியேற 'குட்பை'. 1964 மே 1ஆம் திகதி அதிகாலை நான்கு மணிக்கு, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ரெலிடைப் இயந்திரங்களிலிருந்து கெமெனியும் ஒரு மாணவரும் தங்கள் செய்நிரல்களை ஓட்டினார்கள். இருவருக்கும் சரியான விடை வந்தது.

அதன்பிறகு முதலாம் வருடக் கணித வகுப்புகளுக்குள்ளேயே பேசிக் வந்துவிட்டது. சில விரிவுரைகள், பிறகு மாணவர் தாங்களே எழுதிப் பிழை திருத்த வேண்டும். கணினியைப் பாவிக்கக் காசு இல்லை. நூலகத்தில் நினைத்த புத்தகத்தை எடுப்பது போல இதுவும் இருக்க வேண்டும் எண்டது கெமெனியின் நிலைப்பாடு. ஆனால் இதில் 'எல்லாரும்' எண்ட சொல்லுக்கு ஒரு எல்லை இருந்தது. 1972 வரைக்கும் டார்ட்மத் இளமாணிப் படிப்புக்குப் பெண்களைச் சேர்க்கவில்லை.

பிறகு ஏன் பாடம் மாறியது? 1964இல் கணினியைப் பாவிப்பதும் செய்நிரல் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1979இல் விசிகல்க் எண்ட விரிதாள் மென்பொருள் வந்தது. செய்நிரல் தெரியாமலே கணக்குப் பார்க்கலாம் எண்டானது. அலுவலகங்களுக்கு இந்த மென்பொருள்களில் பழகிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1990களில் ஐரோப்பாவில் தொடங்கிய ஒரு சான்றிதழின் பெயரே 'கணினி ஓட்டுநர் அனுமதிப்பத்திரம்'. சொல்செயலி, விரிதாள், முன்வைப்பு எண்டு ஏழு பகுதிகள். எங்கட பாடத்தைப் பார்த்தால் அதே வாசனை. ஓட்டப் பழக்குகிறார்கள், பொனட்டைத் திறந்து காட்டுவதில்லை.

ஓட்டத் தெரிவது பிழையில்லை. வேலை கிடைக்க அது வேணும். ஆனால் கெமெனியும் கேர்ட்ஸும் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. எங்களுக்கு மிகக் கிட்டத்தில் ஒரு உதாரணம் இசட் புள்ளி. உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் வருவது. 1964இன் பேசிக்கில் சில வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் எந்தக் கூட்டத்தின் சராசரி? 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்குப் போய், 2012இல் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச்செய்து, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. அங்கே இயந்திரம் கூட்டல் கழித்தலில் பிழைவிடவில்லை. யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது எண்டு மனிதர் எடுத்த முடிவுதான் பிழைத்தது.

யாரை யாரோடு சேர்ப்பது, எதை எண்ணுவது, யார் வெளியே போகிறார்: இவை கலைப்பீடத்தின் கேள்விகள். அதைக் கேட்பதற்கு நாங்கள் எல்லாரும் மென்பொருள் பொறியியலாளராக வேண்டியதில்லை. இசட் புள்ளியைக் கணிக்கும் ஒரு சின்னச் செய்நிரலை ஒருமுறையாவது கையால் எழுதி, பிழைவிட்டுத் திருத்திப் பார்த்திருந்தால் போதும். முதலாம் வருடக் கணினிப் பாடத்தில் அதற்கு இரண்டு கிழமை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது பேராசை இல்லை. அறுபது வருசத்துக்கு முதல், திரைகூட இல்லாத ஒரு இயந்திரத்தில், எங்களைப் போன்ற மாணவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.